காலி என்று ஒரு கோடு

மனித சுதந்திரத்தின் வரலாறு, தன் துப்பாக்கியைத் தானே பாகம் பாகமாகப் பூட்டிக்கொண்ட மனிதனின் வரலாறுதான் என்று லோவெல் டிஷர் உறுதியாக நம்பினார். அந்த வரலாற்றின் புதிய அத்தியாயம் அமெரிக்காவில், தெற்கு இண்டியானாவில், அவர் வீட்டுச் சமையலறை மேஜையில், வாஃபிள் சுடும் கருவிக்கும் நாயின் பூச்சி மாத்திரைக்கும் நடுவே ஒரு பழைய குளியல் துண்டின்மேல் நீட்டிப் படுத்திருந்தது. சாப்பாட்டு நேரத்தில் சுதந்திரத்தைத் தூக்கி ஃப்ரிட்ஜுக்கு மேலே வைத்துவிட வேண்டும் என்பது மனைவி ஆர்லெட்டின் கட்டளை.

துப்பாக்கி தபாலில் வந்தது. பெட்டிக்குள் குழல் தனி, வால்நட் கட்டை தனி, சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விக்கொள்ளும் குதிரை தனி, திருகாணிகள் ஒரு பொட்டலம். கட்டையைத் தேய்த்து, எண்ணெய் பூசி, எல்லாவற்றையும் பூட்டிவிட்டால், இருநூறு வருடத்துக்கு முந்தைய ரகம் ஒன்று கைக்கு வரும். குழலின் வாய்வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, துணியில் சுற்றிய ஈயக் குண்டை மேலே வைத்து, நீளமான கெட்டிக்கோலால் இறக்கிச் சுடுகிற ரகம். கொஞ்சம் பொறுமை உள்ள யாரும் ஒரு மாதத்தில் பூட்டிவிடலாம். லோவெல் குளிர்காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டார். பூட்டுவதற்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. சோதிப்பதற்குத்தான் ஆயிற்று.

சோதிப்பது அவருக்கு வேலை இல்லை, வழிபாடு. குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தி, விசையை அழுத்திப் பார்ப்பார். நழுவக் கூடாது. முழுக்க இழுத்து, கட்டையை உள்ளங்கையால் நாலு தட்டுத் தட்டுவார். விழக் கூடாது. குழலின் அடிப்பக்கத்தில் பொறி உள்ளே போகிற துளையில் மெல்லிய கம்பியை நுழைப்பார். கம்பி நுழைந்தது, ஆனால் வெல்வெட்டில் நுழைவது போல மெத்தென்று நுழைந்தது. அதைத் தன் வேலையின் நயம் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு சோதனைக்கும் முன்பு, "குழல் காலி" என்று உரக்க அறிவிப்பார். வீட்டுக்குள் வெடிமருந்து ஒரு சிட்டிகைகூட வரக் கூடாது என்று ஆர்லெட் சொல்லியிருந்ததால், குழல் காலியாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும் என்ற கேள்வி எழவே வாய்ப்பில்லை. ஆனாலும் அறிவித்தார். அறிவிக்கும்போது குரல் கொஞ்சம் தடிக்கும்.

இந்தத் தடிப்புக்கு ஒரு காரணம் இருந்தது. லோவெல் வேலைக்காலம் முழுவதையும் ஒரு கம்பளக் கடையில் கழித்தவர். அவர் வந்து அறையை அளந்துவிட்டுப் போனதும், வாடிக்கையாளர்கள் டேப்பை எடுத்துத் தாங்களும் ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்வார்கள். ஓய்வு பெற்றபோது அவர் சொல்லுக்கு உலகத்தில் அடங்கியது ஒரே ஒரு உயிர். பிக்கிள்ஸ் என்ற பீகிள் நாய். அதுவும் அவர் கையில் பன்றி இறைச்சி இருந்தால்தான்.

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருந்தது. அவர் சேர்ந்திருந்த பழந்துப்பாக்கிச் சங்கத்தின் களப் பாதுகாப்புத் தலைவர் நோர்பெர்ட் ஹாஃப்னர், முழங்கால் வலி என்று பதவியை விட்டு விலகப் போகிறார். அந்தப் பதவிக்குச் சம்பளம் கிடையாது. ஒரு ஆரஞ்சு நிறத் தொப்பியும் ஒரு விசிலும் உண்டு. விசிலை ஊதினால், மான்தோல் சட்டை போட்ட தாடிக்காரர்கள் அத்தனை பேரும் அந்தக் கணமே துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் சுடுமிடத்தின் எல்லைக் கோட்டுக்குப் பின்னால் போய்விட வேண்டும். ஒருவரும் மறு டேப் எடுக்க முடியாது. அந்த விசிலை நினைத்தாலே லோவெலுக்கு உதடு குவிந்துகொண்டது.

ஆர்லெட்டும் அந்தத் தொப்பிக்காக ஏங்கிக்கொண்டிருந்தார். வேறு காரணத்துக்காக. ஓய்வு பெற்ற நாளிலிருந்து லோவெல் வீட்டைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஏணியில் எச்சரிக்கை அட்டை தொங்கவிட்டார். ரொட்டி சுடும் பெட்டியின் வயரை முகர்ந்து பார்த்தார். பின்னல் ஊசிகளின் முனைக்கு ரப்பர் மாட்டிவிட்டார்.

"அந்தத் தொப்பி உனக்குக் கிடைக்கணும்னு ஞாயித்துக்கிழமை தவறாம வேண்டிக்கிறேன், லோவெல். நீ வெளிய போய் யாரையாவது சோதிக்கணும். எனக்கு முடியல."

சங்கத்தில் லோவெலுக்கு இன்னொரு பெயரும் இருந்தது. முகாம்களில் எல்லோரும் பழங்காலத்து வேட்டைக்காரர்களைப் போல ஒரு பெயர் சூட்டிக்கொள்வார்கள். அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'மௌன ஓநாய்'. முதல் முகாமில் பெயர்க் காரணத்தை அவர் விளக்கி முடிப்பதற்குள் அடுப்பில் அவரைக்கொட்டை தீய்ந்துவிட்டது என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

அவர் சங்கத்துக்குச் செய்த பெரிய தொண்டு ரப்பர் கோழி. இந்த வகைத் துப்பாக்கியில் மானம் போகிற தவறு ஒன்று உண்டு. மருந்தைக் கொட்ட மறந்து வெறும் குண்டை மட்டும் இறக்கிவிடுவது. யாருக்கும் ஆபத்தில்லை, ஆனால் குண்டைத் திருகாணி போட்டுப் பிடுங்குகிறவரை எல்லோரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். அந்தத் தவறைச் செய்தவர் கழுத்தில் ஒரு ரப்பர் கோழியைக் கட்டிவிட வேண்டும், அடுத்தவர் அதே தவறைச் செய்யும்வரை அவர் அதைச் சுமக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் லோவெல். வெட்கம் போல வாத்தியார் கிடையாது என்று வாதாடினார். நோர்பெர்ட் அவ்வளவெல்லாம் வாதாட மாட்டார். புதியவர்களிடம் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "கெட்டிக்கும்போது வாய மூடு."

ஜனவரியில் லோவெல் கோடு போட்டார்.

கோடு என்பது கெட்டிக்கோலில் போடுகிற அடையாளம். காலியான குழலுக்குள் கோலை அடிவரை இறக்கி, வாய் விளிம்புக்கு நேராகக் கோலில் ஒரு கீறல். அதன் பிறகு எந்த நாளிலும் கோலை இறக்கிப் பார்த்து, கீறல் விளிம்போடு சரியாக நின்றால் குழல் காலி. மேலே தூக்கி நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. எல்லோரும் இதை நின்ற வாக்கில் பேனாவால் செய்துவிடுவார்கள். லோவெல் ஆர்லெட்டையும் பிக்கிள்ஸையும் சாட்சிக்குக் கூப்பிட்டார். ஆர்லெட் மாவுக் கையோடு வந்து நின்றார். அன்று முழுவதும் கட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்ததால் லோவெலின் புருவத்தில் வால்நட் தூள் படிந்திருந்தது. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகமூடி. காதுக்கு ஆரஞ்சு நிற ஸ்பாஞ்சு அடைப்பான், அது மட்டும் ஒரு காதில்தான் இருந்தது. உப்புத்தாளால் கையால் தேய்ப்பதற்குக் காதடைப்பான் எதற்கு என்று ஆர்லெட் கேட்பதை நிறுத்தி வெகு நாளாகியிருந்தது.

கோலை இறக்கினார். கத்தியால் கீறினார். கீறலில் மசி தேய்த்தார். பிறகு, இந்தக் கோடு பொய் சொல்லாது, மனிதன் பொய் சொல்வான், மனைவி பொய் சொல்வாள், அரசாங்கம் பொய் சொல்லும், கோடு சொல்லாது என்று ஒரு சிற்றுரை ஆற்றினார். ஆர்லெட் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். பிக்கிள்ஸ் உரை முடியும்வரை உட்கார்ந்திருந்தது, ஏனென்றால் மேஜையில் இறைச்சி இருந்தது.

அன்று சாயங்காலம்தான் ஒற்றைக் காதடைப்பானைக் காணோம் என்று தெரிந்தது. லோவெல் மேஜைக்கு அடியில் தேடினார். நாயைப் பார்த்தார். நாய் உதட்டை நக்கியது. வழக்கு முடிந்தது.

மறுநாள் காலை பிக்கிள்ஸை வில்டா க்ரூஸிடம் தூக்கிக்கொண்டு போனார். வில்டா ஊரின் கால்நடை மருத்துவர், சங்கத்தில் குறி தப்பாமல் சுடுகிறவர், பூச்சிக் கடி களிம்பு முதல் பீரங்கி வரை எதைப் பற்றியும் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர். நாயின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் தட்டுப்படவில்லை, வந்தால் பின்பக்கமாக வரும், சாப்பாட்டில் பரங்கிக்காய் மசியலைச் சேருங்கள் என்றார். அன்றிலிருந்து லோவெல் தினமும் காலையில் பனியில் ஒரு குச்சியோடு நாயின் பின்னால் நடந்தார். அங்கேயும் அதே சிரத்தை. பிப்ரவரியில் வில்டா போனில் கூப்பிட்டு, "லோவெல், அது நாய்க்குள்ள இல்ல, விட்டுடு" என்றார். லோவெல் விடவில்லை. பிக்கிள்ஸ் பரங்கிக்காயில் கொழுத்தது.

ஏப்ரலின் கடைசிச் சனிக்கிழமை வசந்த முகாம். ஓடைக்கரையில் கூடாரங்கள், ரெட்பட் மரங்கள் பூத்திருந்தன, இரும்புச் சட்டியில் அவரைக்கொட்டையும் சோளரொட்டியும். மதியம் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அதற்கு முன்பு, சங்க வழக்கப்படி, வீட்டில் பூட்டிய புதுத் துப்பாக்கியை, அதைப் பூட்டியவர் அல்லாத வேறொருவர் சோதிக்க வேண்டும். சோதனையில் தேறினாலும் முதல் வெடியை யாரும் தோளில் வைத்துச் சுட மாட்டார்கள். துப்பாக்கியை ஒரு பழைய லாரி டயரில் கட்டிவைத்து, எல்லோரும் மண்மேட்டுக்குப் பின்னால் போய், விசையில் கட்டிய கயிற்றை இழுப்பார்கள்.

டயர் லோவெலுக்குப் பிடிக்கவில்லை. வழுக்கலான, எங்கோ ஆணி ஏறிய டயர். தன் அத்தியாயம் அதன்மேல் ஏறுவதை அவரால் பார்க்க முடியவில்லை. ஆனால் சுமார் அரைமணி நேரம் கூட்டத்தின் முன்னால் பேச அது ஒரு வாய்ப்பாக இருந்தது. தோல் குஞ்சம் தொங்கும் சட்டை, தலையில் ராக்கூன் தொப்பி, இடுப்பில் ஆர்லெட் கட்டாயப்படுத்தி வைத்த கைபேசி. வீட்டிலேயே ஆயிரம் முறை சோதித்த துப்பாக்கியை இன்னொருவர் சோதிப்பது சம்பிரதாயம்தான், ஆனால் சம்பிரதாயத்தை மதிப்பவனே தலைமைக்குத் தகுதியானவன் என்று கூட்டத்துக்குப் புரியும்படி சொன்னார். சோதிக்க வில்டா முன்னால் வந்தார். தோளில் தன் கெட்டிக்கோல்.

குதிரையைப் பாதி இழுத்தார், நின்றது. முழுக்க இழுத்துத் தட்டினார், நின்றது. தலையாட்டினார். லோவெல் கூட்டத்தைப் பார்த்துத் தானும் தலையாட்டினார். பிறகு வில்டா தன் கோலைக் குழலுக்குள் இறக்கினார்.

"என் கோலு இருக்கு, வில்டா. கோடு போட்டிருக்கேன்."

"இருக்கட்டும்."

தன் கோலை வாய் விளிம்பில் கட்டைவிரலால் பிடித்து, வெளியே எடுத்து, குழலின் வெளிப்பக்கமாகவே நீட்டிப் பிடித்தார். உள்ளே அடிவரை போன கோலின் நுனி, வெளியே பொறித்துளைக்கு நேரே வந்து நிற்க வேண்டும். ஒரு கட்டைவிரல் அகலம் முன்னாலேயே நின்றுவிட்டது. வில்டா இன்னொரு முறை இறக்கி எடுத்தார். அதே கட்டைவிரல்.

"உள்ள ஏதோ இருக்கு," என்றார்.

நோர்பெர்ட் வலிக்கிற முழங்காலோடு இரண்டடி பின்னால் போனார். லோவெல் சிரித்தார். தன் கோலை உருவி, எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்து, குழலுக்குள் இறக்கினார். மசி தேய்த்த கீறல் விளிம்போடு முடி பிசகாமல் நின்றது.

"பாத்துக்கோ. கோடு காலின்னு சொல்லுது. ஜனவரியிலேர்ந்து தினமும் இதையேதான் சொல்லுது."

"கோடு சொல்றது இருக்கட்டும்," என்றார் வில்டா. "நீ கோடு போட்டப்ப காலியா இருந்துச்சா?"

லோவெல் வாயைத் திறந்தார், மூடினார். அவருடைய பொது வாழ்வில் அது ஒரு அரிய நிகழ்ச்சி.

வில்டா கோலின் நுனியில் தக்கைத் திருகு போன்ற ஒரு முனையை மாட்டினார். கன்றுக்குட்டியை உருவி எடுக்கிற பழக்கமுள்ள கை அது. உள்ளே இறக்கி, இரண்டு திருகு, மெல்ல ஒரு இழுவை. நுனியில் ஏதோ ஒரு சின்ன உருண்டை, எண்ணெய் ஏறிக் கறுத்து, நசுங்கிப்போய் வந்தது. வெயிலில் வைத்ததும் அது மெதுவாக உப்பித் தன் பழைய வடிவத்துக்கு வந்தது. ஒரு பக்கத்தில் இன்னும் ஆரஞ்சு நிறம் இருந்தது.

எல்லாம் லோவெலுக்கு ஒரே வீச்சில் நினைவுக்கு வந்தது. உப்புத்தாள், தூள், தூள் குழலுக்குள் போய்விடுமே என்ற கவலை, காதிலிருந்து பிடுங்கிக் குழல் வாயில் சொருகியது. முன்ஜாக்கிரதை. பிறகு ஆர்லெட்டையும் நாயையும் கூப்பிட்டு, கோலை இறக்கி, சொருகியதை அடிவரை தள்ளிக்கொண்டே போய், அதன் தலைமேல் நின்று காலி என்று கோடு போட்டிருக்கிறார். அந்தக் கோட்டைத்தான் ஒவ்வொரு நாளும் உரக்கப் படித்திருக்கிறார்.

ஆர்லெட் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், காலடியில் பிக்கிள்ஸ், பீப்பாயைப் போல.

"வில்டா அப்பவே சொன்னா நாய்க்குள்ள இல்லைன்னு," என்றார் ஆர்லெட். "பிக்கிள்ஸ்கிட்ட நீயே பேசிக்கோ, லோவெல். நான் நடுவுல வர மாட்டேன்."

அதன் பிறகு சிரிப்பை யாராலும் அடக்க முடியவில்லை. மௌன ஓநாய் எந்தக் காதில் சொருகியிருந்தது, அதனால்தான் மற்றவர்கள் பேசுவது அவருக்குக் கேட்பதில்லையா என்று ஒருவர் கேட்டார். இனிமேல் பரங்கிக்காயைத் துப்பாக்கிக்குக் கொடுக்கலாம் என்றார் இன்னொருவர். தொப்பி போய்விட்டது என்று லோவெலுக்குத் தெரிந்தது. அவர் காதுக்குள், ஊதப்படாத ஒரு விசில் தேய்ந்து மறைந்தது.

ஆனால் கம்பளக் கடையில் தப்பாக அளந்த துண்டையும் விற்றுக் காட்டிய அனுபவம் வீண் போகுமா. லோவெல் அந்த ஆரஞ்சு உருண்டையைக் கையில் வாங்கி, உயர்த்திப் பிடித்தார்.

"சிரிங்க. நல்லா சிரிங்க. ஆனா இன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு யோசிங்க. பூட்டுனவன் தப்பு பண்ணான். சோதனை கண்டுபிடிச்சுது. இது என் தோல்வி இல்ல, சோதனையோட வெற்றி. எனக்காக ஓட்டு போடாதீங்க. சோதனைக்காகப் போடுங்க."

இதில் எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. எங்கே என்று தேடுவதற்குள் சோளரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. சாப்பிட்ட பிறகு நோர்பெர்ட் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்து, யாருக்கு வேண்டும் என்று கேட்டார். எல்லோருடைய கண்ணும் வில்டாவிடம் போயிற்று. வில்டா தலையை ஆட்டினார். சனிக்கிழமையானால் ஏதாவது ஒரு பசு ஈனும், என்னால் முடியாது என்றார். வேறு யாரும் அசையவில்லை. மழையிலும் வெயிலிலும் ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு கோட்டுக்குப் பின்னால் நிற்க, நல்ல புத்தியுள்ள யாருக்கும் ஆசை வராது. லோவெலுக்கு ஆதரவாகக் கை தூக்கச் சொன்னபோது முதலில் எழுந்தவை ஆர்லெட்டின் கைகள். இரண்டும்.

இப்படியாக லோவெல் டிஷர் தலைவரானார். ராக்கூன் தொப்பியைக் கழற்றிவிட்டு ஆரஞ்சைப் போட்டுக்கொண்டார். விசில் கழுத்தில் ஏறியது. முதல் காரியமாக, இப்போது நிஜமாகவே காலியாக இருந்த தன் துப்பாக்கியின் முதல் வெடி. வில்டா கோலை வெளியே நீட்டிப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டு, போன் அடித்ததும் தள்ளிப் போனார். எங்கேயோ ஒரு பசு.

லோவெல் கெட்டிக்கும் மேஜைக்குப் போனார். மருந்துக் குடுவையிலிருந்து பித்தளை அளவைக் குப்பியில் கரிமருந்தைச் சரியாக நிரப்பி, நிரம்பியிருக்கிறதா என்று குனிந்து பார்த்து, மேஜைமேல் வைத்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். தலைமைப் பொறுப்பை ஏற்கும் நேரத்தில் சில வார்த்தை சொல்லாமல் இருப்பது மரியாதை ஆகாது. பாதுகாப்பு வீட்டிலேயே தொடங்குகிறது என்றார். அவசரம்தான் எதிரி என்றார். பேசிக்கொண்டே துணித்துண்டைக் குழல் வாயில் விரித்தார், குண்டை வைத்தார், அழுத்தினார். இனி இந்தக் களத்தில் ஒவ்வொரு அசைவும் யோசித்துத்தான் நடக்கும் என்றார். பேசிக்கொண்டே கோலை இறக்கினார். குண்டு வழுவழுவென்று உள்ளே போய் உட்கார்ந்தது. அதன் சுகமே தனி. கோல் விளிம்பைத் தொடும் இடத்தில், 'கெட்டித்தது' என்பதற்கு அடையாளமாகக் கத்தியால் இரண்டாவது கோட்டையும் போட்டார்.

"இந்தக் கோடு பொய் சொல்லாது," என்றார், பழக்க தோஷத்தில்.

நோர்பெர்ட் ஏதோ சொல்ல வந்தார். பதவி கைமாறிவிட்டது என்பதால் விட்டுவிட்டார்.

துப்பாக்கி டயரில் கட்டப்பட்டது. குதிரைக்குப் பக்கத்தில் பொறி விழுகிற குட்டிச் சட்டியில் ஒரு சிட்டிகை பொடிமருந்தைத் தூவி, விசையில் கயிற்றைக் கட்டி, லோவெல் எல்லோரையும் மண்மேட்டுக்குப் பின்னால் அனுப்பினார். விசிலை ஊதினார். அத்தனை தாடிக்காரர்களும் ஒரே ஊதலில் அடங்கினார்கள். இருவர் வாயில் ரொட்டியோடு அப்படியே நின்றார்கள். லோவெலின் கண் கலங்கியது. கயிற்றை இழுத்தார்.

கல் உரசியது. சட்டியில் பளிச்சென்று ஒரு சுடர், வெள்ளையாக ஒரு புகை. அவ்வளவுதான்.

யாரும் அசையக் கூடாது என்று லோவெல் மறுபடி விசில் ஊதினார். மருந்து தாமதமாகப் பற்றலாம், விதிப்படி காத்திருக்க வேண்டும். விதி சொன்னதைவிட அதிக நேரம் காக்க வைத்தார். ஓடையில் ஒரு தவளை பேசியது. பிக்கிள்ஸ் கொட்டாவி விட்டது. புகை கலைந்தது. வில்டா போனை முடித்துவிட்டு மேட்டுக்குப் பின்னால் வந்து சேர்ந்தார், டயரைப் பார்த்தார், கெட்டிக்கும் மேஜையைப் பார்த்தார்.

"லோவெல்," என்றார்.

"பேசக் கூடாது. விதி."

வில்டா மேஜையைக் கையால் காட்டினார். அதற்குப் பின்னால் இருந்த கம்பத்தில், ஆணியில், அதுவரை யார் கழுத்திலும் ஏறாத ரப்பர் கோழி தொங்கிக்கொண்டிருந்தது. நோர்பெர்ட் அதை நோக்கி நொண்டிக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தார்.

பித்தளை அளவைக் குப்பி மேஜைமேல் வைத்த இடத்திலேயே இருந்தது. அதில் மருந்து நிரம்ப இருந்தது.